வெறுந்தொட்டி வளக்குத மருமவனுக்கு

ஏலே மருமவனே,

துட்டி கேக்க நேர்லயே வந்திருக்கணும். முட்டுவலி விடமாட்டேங்கு, அதான் காயிதம். ஆரஞ்சுச் சட்டை போட்ட நீமோ மீன் ரெண்டு, ஊதா மீன் ஒண்ணு, பேரு வாயில நுழையாத மஞ்சக் குட்டி ஒண்ணு, எல்லாம் வந்த வாரத்துலயே வரிசையாப் போய்ச் சேந்துட்டுன்னு உங்கம்மை போன்ல தாக்கல் சொன்னா. "தண்ணி அம்புட்டுத் தெளிவா இருந்துச்சு, எப்படிச் செத்துச்சுன்னே தெரியலை"ன்னு நீ பொலம்புதியாம். எனக்குத் தெரியும்லே. தெளிவா இருந்ததாலதான் செத்துச்சு.

உன் மேல குத்தமே இல்ல. நீ செஞ்சதெல்லாம் பெரிய மனுசன் செய்யுத காரியம். சனிக்கெழம கொளத்தூர் போயி 200 லிட்டர் தொட்டி, பம்பு, வெளக்கு, மணலு, உப்பு எல்லாம் வாங்குன. மணலை பிளீச்சிங் பவுடர் போட்டு, தண்ணி மாத்தி மாத்தி அலசுன. ஞாயித்துக்கெழம தண்ணி ரொப்பி உப்பைக் கரைச்ச. திங்கக்கெழம சாயங்காலம் மீனை எறக்குன. மூணே நாள்ல ஒரு கடலை உண்டாக்கிப்புட்ட. படைச்சவனுக்கே அதுக்குக் கூடுதலா நாள் புடிச்சிருக்கும். சுத்தம் சோறு போடும்னு உனக்குச் சொல்லி வளத்தவ என் தங்கச்சி. அவளைத்தான் சொல்லணும்.

இப்ப ஒரு கேள்வி கேக்கேன், சிரிக்காமப் பதில் சொல்லு. மீனு ஒண்ணுக்குப் போவுமா, போவாதா?

போவும். அதுவும் நம்மள மாதிரி மறைவு தேடிப் போவாது. தின்ன எரையில இருக்குத தழைச்சத்து, அமோனியாவா மாறி, செவுளு வழியா மூச்சுக்கு மூச்சு வெளிய வந்துக்கிட்டே இருக்கும். கடலு பெருசு, தாங்கும். உன் 200 லிட்டர் என்ன செய்யும்? அமோனியா தண்ணியில ரெண்டு வேசத்துல நிக்கும். ஒண்ணு சாது, இன்னொண்ணு வெசம். எது எவ்வளவுங்கதை தண்ணியோட பி.எச். முடிவு பண்ணும். ஆத்துத்தண்ணி 7ல நிக்குதுன்னு வையி, வெசவேசம் நூத்துக்கு ஒண்ணுகூடத் தேறாது. கடத்தண்ணி நிக்குதது 8.2ல. அங்க, நம்ம ஊரு வெக்கைக்கு, நூத்துக்கு ஏழெட்டு வெசம். உன் சேக்காளி வீட்டுல கோல்டு ஃபிஷ்ஷு இதே கூத்துல தாக்குப் புடிச்சதும், உன் நீமோ மல்லாந்ததும் அதனாலதான். அவன் கெட்டிக்காரன்னு நெனச்சிராத. அவனுக்கு வாய்ச்ச தண்ணி அப்படி.

உனக்கு என்ன கொறைன்னா, ஆளு இல்ல. நான் உப்பளத்துல கங்காணியா இருந்தவன். ஆளு வராத அன்னைக்குப் பாத்திக்குத் தண்ணி ஏத்துனா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். நீ ஒரு ஆளைக்கூட வேலைக்குச் சேக்காம மொதநாளே முழு வேலையையும் தொறந்து விட்டுட்ட. தொட்டிக்கு வேண்டிய ஆளு ரெண்டு கூட்டம். மொதக் கூட்டம் அமோனியாவைத் தின்னு நைட்ரைட்டாக் கழிக்கும். ரெண்டாங் கூட்டம் அந்த நைட்ரைட்டைத் தின்னு நைட்ரேட்டாக் கழிக்கும். நைட்ரேட்டு கொஞ்சம் இருந்தா மீனு பொறுத்துக்கிடும். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரான்னு பேரு வச்சிருக்காங்க. கண்ணுக்குத் தெரியாத சீவனுக்கு இம்புட்டு நீளமா எதுக்குப் பேருன்னு நானும் கேட்டுப் பாத்துட்டேன்.

கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு மொணங்காத. உப்பளம் விட்டப்பொறவு இறால் குஞ்சு பொரிக்கித ஹேச்சரியில தண்ணிக்காரனா இருந்தேன்லா? அங்க தூத்துக்குடி மீன்வளக் காலேஜ் பயலுவ வருவானுவ. அவனுவளுக்கு டீ வாங்கிக் குடுத்தே நான் பாதிப் படிப்பு முடிச்சவன். மீதிப் பாதிக்கு வடை வாங்கிக் குடுத்திருக்கணும், தோதுப்படல.

அவனுவ சொன்ன ஒரு கதை கேளு. 1877ல பிரான்சு நாட்டுல ஷ்லோசிங், முன்ட்ஸ்னு ரெண்டு பேரு. நீளமான கொழாயில மணலும் சுண்ணாம்புக்கல்லும் ரொப்பி, மேல இருந்து சாக்கடைத் தண்ணியைப் பைய வடிய விட்டாங்க. போன அமோனியா போன மாதிரியே கீழ வந்துச்சு. அடுத்த நாளும் அப்படியே. 20 நாள் ஒரு மாத்தமும் இல்ல. அதுக்கப்பொறம் அமோனியா கொறைஞ்சு நைட்ரேட்டு வர ஆரம்பிச்சிட்டு. வெறும் ரசாயனமா இருந்தா மொதநாளே நடந்திருக்கணும்லா? கொழாய்க்குள்ள குளோரோஃபார்ம் ஆவியை விட்டுப் பாத்தாங்க, வேலை டக்குனு நின்னுட்டு. அப்ப உள்ள உசுரு இருக்குன்னு தெரிஞ்சுது. அந்த உசுரைத் தனியாப் பிரிச்சு வளத்துக் காட்டுனவரு வினோகிராட்ஸ்கினு ஒரு ரசியாக்காரரு, 1890 வாக்குல, சூரிச்சுல இருந்துக்கிட்டு. இங்கிலாந்துல வாரிங்டன்னு ஒரு அப்பனும் மவனும் இருந்தாங்க. அப்பன் கண்ணாடித் தொட்டியில மீனும் செடியும் சேத்து வளத்துக் காட்டுன ஆதி ஆளு. மவன் நெலத்து மண்ணுல இதே அமோனியா நைட்ரேட்டா மாறுத கணக்கைத் தோண்டி, ரெண்டு கட்டமா நடக்குன்னு கண்டவரு. அப்பன் தொட்டிக்குள்ள நடந்த வேலையத்தான் மவன் வயல்ல தேடிக்கிட்டு இருந்திருக்காரு. நம்ம குடும்பத்துல மாமன் சொன்னதையே மருமவன் கேக்க மாட்டான்.

20 நாள்லே! அவங்க சும்மா உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. உனக்கு மூணு நாள் பொறுக்கல.

இந்தக் கூட்டம் பெருகுதது பைய. சோத்தைக் கெடுக்குத கிருமி ஒண்ணு ரெண்டாவ 20 நிமிசம் போதும். இதுக்கு அரை நாளும் ஆவும், ஒரு நாளுக்கு மேலயும் ஆவும். ஏன்னா இது அடுத்தவன் ஆக்குன சோத்தைத் திங்காது. தண்ணியில கரைஞ்ச கரியமில வாயுவைப் புடிச்சுத் தன் உடம்பைத் தானே கட்டும். அதுக்கு வேண்டிய தெம்பை அமோனியாவை எரிச்சு எடுக்கும். அமோனியாவுல தெம்பு ரொம்பக் கம்மி. நாலு வாரம், ஆறு வாரம் ஆவுதது அதனாலதான். நீ போனைப் போட்டு வெரட்டுனா அது வெரசாப் பெருகாது.

சரி, இனிமே செய்யவேண்டிய சோலி. தொட்டியில மணலும் காஞ்ச பாறையும் போடு. வடிகட்டியில பீங்கான் துண்டு போடு. அந்தக் கூட்டம் தண்ணிக்குள்ள நீந்திக்கிட்டுத் திரியாது; கல்லுலயும் மணலுலயும் வழுவழுன்னு ஒரு படலமா ஒட்டிக்கிட்டுக் குடியிருக்கும். உப்புக் கரைச்சு, பம்பை ஓட விட்டு, வெளக்கை அணைச்சுப் போடு. அதுக்கு வெளிச்சம் ஆவாது. வெளிச்சம் வேணுங்கது பாசிக்குத்தான், பாசிக்கு நீ சம்பளம் குடுக்க வேண்டாம். சென்னையில ஹீட்டர் வாங்காத. யாராவது வாங்கச் சொன்னா அவன் முகத்தை ஞாபகம் வச்சுக்கோ.

அப்பொறம் எரை. மீனு இல்லாத தொட்டிக்கு அமோனியா எங்கிருந்து வரும்? கடைக்காரன் சொல்லுவான், "ஊதா டேம்சல் மீன் நாலு போடுங்க சார், கெட்டியான மீனு, அதுவே சைக்கிள் பண்ணிக் குடுத்துரும்." தொட்டிக்கு ஆளு சேக்குததைத்தான் அவன் சைக்கிள்ங்கான். நாலு சீவன் செவுளு வெந்து சாவுததுக்குப் பேரு சைக்கிளாம். தப்பித் தவறிப் பொழைச்சா, அது தொட்டிக்கே தான்தான் பட்டாதாரர்னு நெனச்சுக்கிட்டு, அடுத்து வாரதை எல்லாம் கடிச்சு வெரட்டும். வேண்டாம். ஈயம் பூசுதவன் நவச்சாரம்னு ஒண்ணு தேய்ப்பான்லா, பொகையும் நெடியுமா வருமே, அதுதான் அமோனியம் குளோரைடு. ஈயம் பூசுதவன்கிட்ட வாங்காத, அதுல என்னல்லாம் கலந்து கெடக்கோ. ஆய்வுக்கூடத்துக்கு விக்கித சுத்தமானது வாங்கு. உன் 200 லிட்டருக்கு ஒண்ணேகால் கிராம் கரைச்சு விட்டா, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா. அது போதும். ரெண்டுக்கு நல்லது நடந்தா பத்துக்கு அஞ்சு மடங்கு நல்லது நடக்கும்னு கணக்குப் போடாத. அஞ்சைத் தாண்டுனா அந்தக் கூட்டமே மூச்சு முட்டிப் படுத்துரும்.

தராசு இல்லைன்னா ஒரு பச்சை இறால் துண்டைத் துணியில முடிஞ்சு தொங்க விடு. அழுகி அமோனியா குடுக்கும். நாத்தமும் குடுக்கும். உன் பொண்டாட்டி அதுக்கப்பொறமும் அந்த வீட்டுல இருந்தான்னா உன் சாதகம் நல்ல சாதகம்.

சோதனைக் கிட்டு ஒண்ணு வாங்கி நாள் விட்டு நாள் பாரு. மொதல்ல அமோனியா ஏறி நிக்கும். அசையாது. நீ எனக்குப் போன் பண்ணுவ. நான் எடுக்க மாட்டேன். ரெண்டு வாரம் வாக்குல அமோனியா எறங்கும், நைட்ரைட்டு தலைதூக்கும். அது எறங்க இன்னும் நாள் இழுக்கும், ரெண்டாங் கூட்டம் அம்புட்டு மெத்தனம். அந்த நேரத்துல பயந்து போயி தண்ணி முச்சூட்டையும் மாத்திராத. கடத்தண்ணியில குளோரைடு நெறையக் கெடக்கதால நைட்ரைட்டு செவுளுக்குள்ள நுழைய வழி கெடைக்காது. ஆத்துத்தண்ணியில செய்யுத அழும்பு அதுக்கு இங்க ஓடாது. இடையில ஒரு நாள் தண்ணி பால் கலந்த மாதிரி வெளுக்கும். அது வேற கிருமி, அழுகலைத் தின்னு திடீர்னு பெருகுத கூட்டம். தானே அடங்கும். எப்ப முடிஞ்சதுன்னு கேக்கியா? 2 மில்லிகிராம் கணக்குக்கு அமோனியா விட்டு, மறுநாள் அதே நேரம் பாத்தா அமோனியாவும் சுழியம், நைட்ரைட்டும் சுழியம்னு வரணும். அன்னைக்குப் பாதித் தண்ணியை மாத்தி, சேந்து கெடக்குத நைட்ரேட்டை எறக்கிட்டு, ஒரே ஒரு மீனு விடு. ஒண்ணு. நாலு பேரைக் கூட்டிட்டு வந்து குடிவச்சா மறுபடியும் ஆளு பத்தாது.

இடையில உனக்கு நெறைய ரோசனை தோணும்னு எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணுக்கும் முன்கூட்டியே பதில் சொல்லிருதேன்.

சேக்காளியோட கோல்டு ஃபிஷ் தொட்டியில இருந்து ஸ்பாஞ்சைப் பிச்சு வந்து போடலாம்னு பாப்ப. அது நல்லதண்ணியில பொறந்து வளந்த கூட்டம். உப்புத்தண்ணியில தூக்கிப் போட்டா அதுவே செத்து அமோனியாவாப் போவும். ஓடிக்கிட்டு இருக்குத உப்புத்தண்ணித் தொட்டி, நோயில்லாத தொட்டி, யாராவது வச்சிருந்தா அவன் காலைப் புடிச்சு ஒரு துண்டுக் கல்லு வாங்கு. அது வேலைய வாரக்கணக்குல கொறைக்கும்.

பாட்டில்ல வாரது? உசுரோட இருந்தா ஒதவும். இருக்கான்னுதான் பாக்கணும். சித்திரை வெயில்ல கூரியர் வண்டியில வெந்து, கடை அலமாரியில தூசி படிஞ்சு இருந்த பாட்டிலை வாங்கி, "நம்பிக்கைதான் மாமா எல்லாம்"னு சொல்லாத. தேதியப் பாரு, குளிர்ப்பெட்டியில வச்சு விக்கிதானான்னு பாரு. ஊத்துன மொத நாலஞ்சு நாளு நுரை தள்ளுத ஸ்கிம்மரையும் கிருமி கொல்லுத யூவி வெளக்கையும் நிறுத்திரு. இல்லன்னா வேலைக்கு வந்தவனை வாசல்லயே அடிச்சு வெரட்டுன கதைதான். நைட்ரோபாக்டர்னு பெருசா அச்சடிச்சிருந்தா, அது பழைய புஸ்தகத்தைப் பாத்து எழுதுனது. மீன் தொட்டி வடிகட்டியத் தோண்டி மரபணுவைப் பாத்தவங்க, 1990கள்லயே, நைட்ரைட்டைத் திங்குதது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரான்னு சொல்லிட்டாங்க. அப்பொறம் பாக்டீரியாப் பவுடருன்னு ஒண்ணு. வருசக்கணக்கா டப்பாவுல கெடந்தாலும் தண்ணி பட்டதும் எந்திரிச்சு வேலை செய்யும்னு விக்கிதான்லா? அப்படித் தூங்கிக் கெடந்து முழிக்க விதைக்கூடு கட்டத் தெரியணும். கசடு திங்குத பாசில்லஸுக்கு அது தெரியும். நம்ம கூட்டத்துக்குத் தெரியாது. பவுடருக்கு எடுத்து வச்சிருக்க ரூபாயைத் தனியா வையி. அதுக்கு வேற சோலி இருக்கு, கடைசியில சொல்லுதேன்.

உப்பளத்துல இருந்து ஒரு மூட்டை உப்பு அனுப்பி வையுங்கன்னு கேட்டிருந்தியாம். ஏலே, நான் தண்ணியில உப்பு எம்புட்டுன்னு காட்டுத டிகிரிக் குழலைக் கையில புடிச்சே கெழடு தட்டுனவன். கடத்தண்ணி மூணு, மூணரை டிகிரி. பாத்தியில காஞ்சு காஞ்சு 24, 25 வரும்போதுதான் சோத்துப்பு விழும். சுண்ணாம்புச் சத்து அதுக்கு முன்னமே அடியில படிஞ்சிரும், மெக்னீசியம் பின்னால மிஞ்சுத கசப்புத் தண்ணியோட போயிரும். மூட்டையில உனக்கு வாரது குழம்புக்கு ஆவும், தொட்டிக்கு ஆவாது. அந்தக் கூட்டம் உடம்பு கட்டுததும், பி.எச். விழாம நிக்கிததும் தண்ணியில இருக்குத பைகார்பனேட்டை நம்பித்தான். பை மேல மீன் தொட்டி உப்புன்னு போட்டு வாரதை வாங்கு, லிட்டருக்கு 35 கிராம் வாக்குல கரை, அடர்த்திக் குழலு 1.025 காட்டணும். இன்னொண்ணு, வெயிலுக்குத் தண்ணி வத்தும்போது உப்புத்தண்ணி ஊத்தி ரொப்பாத. ஆவியாப் போவுதது வெறுந்தண்ணி, உப்பு அங்கனயேதான் கெடக்கு. ஆர்.ஓ. தண்ணி ஊத்து. இதைக்கூட ஒரு கங்காணி வந்து சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு, பொறியியல் படிச்ச புள்ளைக்கு.

இப்ப வெளையாட்டை விட்டுட்டு ஒண்ணு சொல்லுதேன். "கடல்ல இருந்து நாலு பவளப்பாறை எடுத்துப் போட்டா ஒரே நாள்ல எல்லாம் சரியாயிரும்"னு எவனாவது உன் காதுல ஓதுவான். ஓதுததுல உண்மையும் இருக்கு. 1961லயே ஜகார்த்தாவுல லீ சின் எங்னு ஒருத்தரு உசுருள்ள கல்லையும் காத்துக் கொமிழியையும் மட்டும் வச்சுக் கடல்மீன் வளத்து, அதை எழுதியும் வச்சாரு. கல்லுக்குள்ள அம்புட்டுக் கூட்டம் குடியிருக்கும். உள்ளாழத்துல காத்துப் போவாத எடத்துல நைட்ரேட்டையும் தின்னு வாயுவா வெளிய விடுத வேற கூட்டமும் இருக்கும். ஆனா நம்ம மன்னார் வளைகுடாவுல கை வைக்கக் கூடாது. வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு வண்டி வண்டியாப் போனதை நான் கண்ணால பாத்தவன். இருந்த தீவுல விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் தண்ணிக்கடியில போயிட்டு. கல்லுப்பவளம் அத்தனையும் 2001ல இருந்து புலி, யானைக்குச் சமமாக் காட்டுயிர்ச் சட்டத்துல மொத அட்டவணையில இருக்கு. காஞ்ச கல்லு வாங்கு, கூட்டம் தானா வந்து ஏறும். அவசரம்னா அதுக்கு மருந்து எங்கிட்ட இல்ல.

கழுவுதது உனக்குப் புடிச்ச வேலைங்கதால இதையும் கேட்டுக்கோ. அமோனியாவைத் திங்குததுல பாக்டீரியாவே இல்லாத இன்னொரு சாதியும் உண்டு, ஆர்க்கியான்னு. அதுல மொதமொதல்ல தனியாப் பிரிச்சு வளத்தது நைட்ரோசோபூமிலஸ் மாரிடிமஸ். 2005ல சேதி வந்துச்சு. கடல் முழுக்க பரவிக் கெடக்குத வம்சம் அது. எங்கன புடிச்சாங்கங்க? அமெரிக்காவுல சியாட்டில் மீன்காட்சிச் சாலையில ஒரு தொட்டியோட சரளைக் கல்லுல இருந்து. நீ அங்க தொட்டி கழுவுத வேலையில இருந்திருந்தா அது இன்னும் பேரு இல்லாமத்தான் கெடந்திருக்கும். வடிகட்டியில அழுக்கு சேந்தா, தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே ஒரு முக்கு முக்கி எடு, அம்புட்டுதான். கொழாய்த் தண்ணியில குளோரின் கெடக்கு. அதைக் காட்டுனா ஆறு வாரச் சம்பளமும் வாய்க்கால்ல போச்சு. மீனுக்கு மேலுக்குச் சரியில்லைன்னா வேற டப்பாவுல போட்டு வைத்தியம் பாரு, பெரிய தொட்டியில மருந்தை ஊத்தாத.

கரண்டு போனா? மீனுக்கு மட்டுமில்ல, அந்தக் கூட்டத்துக்கும் மூச்சு முட்டும். ஒரு மில்லிகிராம் தழைச்சத்தை நைட்ரேட்டா மாத்த நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் வேணும். டிவிக்கு இன்வெர்ட்டர் வச்சிருக்கல்லா, அதுல பம்பு வயரையும் சொருகு. சீரியலு ஒரு மணி நேரம் நின்னா யாரும் சாவ மாட்டாங்க. உன் மாமியாரைத் தவிர.

கூட்டிக் கழிச்சுப் பாத்தா இன்னும் ஆறு வாரம் உன் வீட்டுல இருக்கப் போறது ஒரு தொட்டி வெறுந்தண்ணி. அதுக்குத் தெனம் எரை போட வேண்டாம், வெளக்குப் போட வேண்டாம், உக்காந்து காவல் காக்க வேண்டாம். இந்தச் சித்திரை கடைசிச் செவ்வாய் நம்ம அம்மன் கோயில் கொடை. "மீனுக்கு எரை போட ஆளில்ல மாமா, வர முடியாது"ன்னு இந்த வருசம் உன்னால சொல்ல முடியாது, பாத்தியா. நவச்சாரத்தை வெள்ளிக்கெழமை போட்டுட்டு, பக்கத்து வீட்டுல ஒரு கேன் ஆர்.ஓ. தண்ணியக் குடுத்துட்டு ரயில் ஏறு. சீட்டு போட்டாச்சான்னு உங்கம்மைகிட்டக் கேட்டுக்கிடுதேன்.

அந்தப் பவுடர் ரூபாய்னு சொன்னேன்லா. தலைக்கட்டு வரியில உன் பேருக்கு நேர அதை எழுதிட்டேன். வரும்போது சில்லறையாக் கொண்டாந்துரு.

இப்படிக்கு,
உன் மாமன்